லட்டின் மஞ்சளை ஒளியால் அளப்பது: காபன் புள்ளிகள் கொண்டு டார்ட்ரசீன் சோதனை

தீபாவளிக்கு முந்திய வாரம் புறக்கோட்டைக் கடைகளில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும் பூந்தி லட்டின் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. கடலை மாவின் நிறம், மஞ்சள் தூள், அனுமதியுள்ள டார்ட்ரசீன், அனுமதியில்லாத மெட்டனில் மஞ்சள் எல்லாம் எண்ணெயில் பொரிந்து சீனிப்பாகில் ஊறிவிட்டால் ஒரே முகம்தான். டார்ட்ரசீன், அதாவது லேபிளில் ஈ 102 என்று வருவது, எவ்வளவு இருக்கிறது என்று ஒளிரும் காபன் புள்ளிகளைக் கொண்டு அளக்கும் முறை இது. பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடம் ஒன்றில் மூன்று நாளில் செய்து முடிக்கலாம். புள்ளிகளை ஒருமுறை தயாரித்து வைத்தால், பிறகு ஒரு மாதிரிக்கு அரை நாள் போதும்.

காபன் புள்ளி என்பது சில நனோமீற்றர் விட்டமுள்ள காபன் துணிக்கை. 360 நனோமீற்றர் ஒளியை ஊட்டினால் (அருட்டல்), 443 நனோமீற்றர் அளவில் நீல ஒளியைத் திருப்பி உமிழும் (காலல்). டார்ட்ரசீன் மிகக் கூடுதலாக உறிஞ்சுவது 427 நனோமீற்றரில். அந்த உறிஞ்சல் முகடு அகலமானது. 443ஐயும் மூடிக்கொள்ளும், 360ஐயும் ஓரளவு தொடும். ஆகவே சாயம் கூடக் கூட நீலம் மங்கும். நீல விளக்கின் முன் மஞ்சள் கண்ணாடியைப் பிடிப்பது போன்றதுதான். சாயம் புள்ளியோடு ஒட்டவும் தேவையில்லை, வினைபுரியவும் தேவையில்லை. இதற்கு உள்வடி விளைவு என்று பெயர்.

இதிலிருந்து ஒரு விஷயம் உடனே தெரிய வேண்டும்: மஞ்சளாக உள்ள எதுவும் இதையே செய்யும். போதாததற்கு இரும்பு அயன், குளோரீன் போன்றவை மஞ்சளாக இல்லாமலே புள்ளிகளின் ஒளியைத் தணிக்கும். இந்த முறையில் புள்ளிகளைத் தயாரிப்பது சின்ன வேலை. மங்கல் உண்மையிலேயே டார்ட்ரசீனால் வந்ததுதானா என்று நிறுவுவதுதான் பெரிய வேலை. இணையத்தில் கிடைக்கும் பல செய்முறைகள் முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

புள்ளிகளைத் தயாரித்தல்

சிற்றிக் அமிலமும் எதிலீன்டையமீனும் சம மூல் அளவில், ஒவ்வொன்றும் 5 மில்லிமூல். புட்டியில் ஒற்றை நீரேற்று என்று போட்டிருந்தால் சிற்றிக் அமிலம் 1.05 கிராம், நீரற்றது என்றால் 0.96 கிராம். எந்த வகை என்று பார்க்காமல் நிறுப்பது வழக்கமான பிழை. கொழும்பின் ஈரக் காற்றில் நீரற்ற வகையும் கட்டியாகிவிடும். கட்டி பிடித்ததை நிறுக்காதீர்கள். எதிலீன்டையமீன் 335 மைக்ரோலீற்றர். அது புகையும், தோலை அரிக்கும், சுவாசத்தில் போனால் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆவி இழுக்கும் அலுமாரிக்குள், நைட்ரைல் கையுறையோடு மட்டும் எடுங்கள்.

சிற்றிக் அமிலத்தை 10 மில்லிலீற்றர் அயன் நீக்கிய நீரில் கரைத்து, டையமீனைத் துளித்துளியாக விடுங்கள், சூடாகும். கலவையை 25 மில்லிலீற்றர் டெஃப்லோன் உள்ளுறை உள்ள எஃகு ஓட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) ஊற்றி இறுக்கி, 200 பாகை செல்சியஸ் உலர் அடுப்பில் 5 மணித்தியாலம் வையுங்கள். உள்ளுறையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. 200 பாகையில் நீராவியின் அழுத்தம் மட்டும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 15 மடங்குக்கு மேல். டெஃப்லோன் 220 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும் என்பதால் அடுப்பின் திரையிலுள்ள எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். நேரம் முடிந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே இரவு முழுக்க விடுங்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் பிடித்து அவசரமாகத் திறப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

காலையில் திறந்தால் கடுங்கபிலத் தெளிந்த திரவம் இருக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்தால் வெப்பநிலை எட்டவில்லை, அல்லது நடுவில் மின்சாரம் போயிருக்கிறது. மின்வெட்டு நடந்தால் அந்தத் தொகுதியைத் தூக்கிவிட்டுப் புதிதாகச் செய்வது நல்லது. மீண்டும் சூடாக்கி ஒப்பேற்றினால் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு விதமாக ஒளிரும். திரவத்தின் அளவு குறைந்திருந்தால் மூடி கசிந்திருக்கிறது. கறுப்பாக மண்டி படிந்திருந்தால் கூடுதலாகக் கரிந்துவிட்டது.

மையநீக்கியில் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 10 நிமிடம் சுற்றி, மேல் திரவத்தை 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, 1,000 டால்ட்டன் டயலிசிஸ் பையில் (அந்த மூலக்கூற்று நிறைக்குக் கீழானவற்றை வெளியே விடும் பை) கட்டி ஒரு லீற்றர் நீரில் 24 மணித்தியாலம் போடுங்கள். 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். இங்கே பலர் திகைப்பது, பைக்கு வெளியே உள்ள நீரும் யூவி வெளிச்சத்தில் பளீரென்று நீலமாக ஒளிர்வதைக் கண்டு. பை கிழியவில்லை. சிற்றிக் அமிலமும் எதிலீன்டையமீனும் சேர்ந்தால் துணிக்கை மட்டுமல்ல, 180 அளவு மூலக்கூற்று நிறையுள்ள ஒளிரும் சிறு மூலக்கூறு ஒன்றும் பெருமளவில் உண்டாகும். டயலிசிஸ் செய்யாத கரைசலின் ஒளியில் பெரும்பங்கு அதனுடையதுதான். உள்வடி விளைவுக்கு அதுவும் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதை அளந்துவிட்டு நனோத் துணிக்கை என்று அறிக்கை எழுதுவது சரியல்ல.

ஓட்டோகிளேவ் இல்லாதவர்கள் சிற்றிக் அமிலத்தையும் யூரியாவையும் நுண்ணலை அடுப்பில் சூடாக்கிப் புள்ளி தயாரிப்பது உண்டு. அவற்றின் ஒளி பச்சைப் பக்கமாக நகர்ந்துவிடும், டார்ட்ரசீனோடு மேற்பொருத்தம் குறையும். அந்த அடுப்பு அதற்குப் பிறகு சமையலறைக்குப் போகவும் கூடாது.

தயாரான கரைசலை கபில நிறப் புட்டியில், 4 பாகையில் வையுங்கள். பாவிப்பதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, அருட்டலை 340, 360, 380 என்று மாற்றிப் பாருங்கள்; காலல் முகடு 440ஐச் சுற்றியே நிற்க வேண்டும். அலைந்தால் தொகுதி சீரில்லை. இரண்டு, வேலைக் கரைசலை ஐதாக்கி, 360 நனோமீற்றரில் அதன் உறிஞ்சல் 1.5 அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதில் 0.10 மில்லிலீற்றரை 3.00 மில்லிலீற்றராக்கினால் குவெட்டுக்குள் (கருவியில் வைக்கும் சிறு சதுரக் குப்பி) உறிஞ்சல் 0.05 ஆகும். அதற்கு மேல் போனால் புள்ளிகள் தங்கள் ஒளியைத் தாங்களே விழுங்கத் தொடங்கும். ஒளி போதவில்லை என்று புள்ளியை அள்ளி ஊற்றினால் கருவி காட்டும் எண் கூடலாம், உணர்திறன் கூடாது.

நியமக் கோடு

டார்ட்ரசீன் தூளின் தூய்மை புட்டிக்குப் புட்டி வேறுபடும். உணவுத் தரச் சாயத்தில் 85 சதவீதமும் வழக்கம், மீதி உப்பும் ஈரமும். 85 சதவீதத் தூளில் 117.6 மில்லிகிராம் நிறுத்து 100 மில்லிலீற்றராக்கினால் லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் நியமம், அதாவது செறிவு தெரிந்த கரைசல். அதைப் பத்து மடங்கு ஐதாக்கி 100 ஆக்குங்கள். வெளிச்சம் படாமல் வையுங்கள்.

ஒவ்வொரு குவெட்டிலும் 20 மில்லிமூலர் பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் (பி.எச்.ஐ 7.0இல் மாறாமல் வைத்திருப்பது) 2.00 மில்லிலீற்றர், புள்ளிக் கரைசல் 0.10 மில்லிலீற்றர். அதன் மேல் 100 மில்லிகிராம் நியமத்திலிருந்து 0, 15, 30, 60, 120, 180, 240, 360 மைக்ரோலீற்றர். நீரால் 3.00 மில்லிலீற்றராக்குங்கள். குவெட்டுக்குள் லீற்றருக்கு 0, 0.5, 1, 2, 4, 6, 8, 12 மில்லிகிராம் என்று வரும். ஒளிர்வுமானியில் அருட்டல் 360, காலலை 380 முதல் 600 வரை வருடி 443இல் படியுங்கள், கருவியின் அருட்டல், காலல் பிளவு இரண்டும் 5 நனோமீற்றர். 410ஐ ஒட்டி ஒரு சிறு திமில் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது நீரின் இராமன் சிதறல். புள்ளி சேர்க்காத வெற்று நீரிலும் அதே இடத்தில் இருக்கும். 360இல் வேலை செய்வதால் குவார்ட்சு குவெட் கட்டாயமில்லை. நான்கு பக்கமும் தெளிந்த அக்ரிலிக் குவெட்டில் யூவிக்கு ஏற்ற வகை போதும்.

வரைபில் நேரடியாக ஒளிர்வை இடாதீர்கள், வளையும். வெற்றின் (சாயம் சேர்க்காத 0 குவெட்டின்) ஒளிர்வை மாதிரியின் ஒளிர்வால் வகுத்து, அதன் பத்தடி மடக்கையை எடுங்கள். இதை இனி மங்கல் எண் என்று சொல்வோம். செறிவுக்கு எதிராக அது நேர்கோடாக வரும். ஒரு சென்றிமீற்றர் குவெட்டில், செங்கோணத்தில் பார்க்கும் கருவியில், சரிவு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கு 0.03ஐ ஒட்டி இருப்பதை எதிர்பார்க்கலாம். அதாவது 10 மில்லிகிராமில் ஒளி ஏறத்தாழப் பாதியாகும். உங்கள் கருவியின் சரிவை நீங்களேதான் காண வேண்டும், ஒவ்வொரு புள்ளித் தொகுதிக்கும் புதிதாக.

வெற்றைப் பத்து முறை தனித்தனியாகத் தயாரித்துப் படியுங்கள். மங்கல் எண்ணின் நியம விலகலை மூன்றால் பெருக்கிச் சரிவால் வகுத்தால் கண்டறியும் எல்லை. விலகல் 0.003, சரிவு 0.03 என்றால் குவெட்டில் 0.3 மில்லிகிராம். கீழே சொல்லும் ஐதாக்கலோடு அது இனிப்பில் கிலோவுக்கு 9 மில்லிகிராமுக்குச் சமம். கட்டுரைகளில் காணும் நனோமூலர் எல்லைகளை இனிப்பு மாதிரிக்கு எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அவை பெரும்பாலும் தூய நீரில் எடுத்தவை.

இனிப்பிலிருந்து சாயத்தைப் பிரித்தல்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். லட்டை நீரில் கரைத்து வடித்து அப்படியே புள்ளியோடு கலந்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை: கொழுப்பு கலங்கலாகி ஒளியைச் சிதறும், மஞ்சள் தூளின் குர்க்குமின் டார்ட்ரசீன் உறிஞ்சும் அதே அலைநீளத்தில் உறிஞ்சும், கடலை மாவின் புரதம் சாயத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

குறைந்தது 200 கிராம் வாங்கி முழுவதையும் அரைத்துக் கலந்து, நான்காகப் பிரித்துப் பிரித்துக் குறையுங்கள். சாயம் பூந்தி மாவில் சீராகக் கலப்பதில்லை. ஒரு லட்டில் ஒரு கரண்டி எடுத்துச் சோதித்தவர்களுக்கு மூன்று முறைக்கு மூன்று விடை வரும். மிக்சர் என்றால் மஞ்சள் பூந்தியைப் பொறுக்கித் தனியாகச் செய்யுங்கள், மொத்தத்தையும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு எண்ணும் வேண்டும்.

அரைத்ததில் 5.0 கிராம் எடுத்து, பெற்றோலியம் ஈதர் 20 மில்லிலீற்றரால் மூன்று முறை குலுக்கிக் கொழுப்பை நீக்குங்கள். 40 முதல் 60 பாகையில் கொதிக்கும் வகை இது. நம் ஊர் வெக்கையில் குலுக்கும்போதே மூடியைத் தள்ளும். அடிக்கடி காற்றைத் திறந்துவிடுங்கள், பக்கத்தில் பன்சன் சுடர் இருக்கக் கூடாது. மிச்ச ஈதர் பறந்த பிறகு, எதனோல் 7, செறிந்த அமோனியாக் கரைசல் 2, நீர் 1 என்ற விகிதக் கலவையில் 20 மில்லிலீற்றர் ஊற்றி 10 நிமிடம் கலக்கி, மையநீக்கியில் பிரியுங்கள். மா வெளிறும் வரை இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யுங்கள். அமோனியாதான் புரதத்தின் பிடியிலிருந்து சாயத்தைக் கழற்றுகிறது. வெறும் நீரோ வெறும் எதனோலோ அதைச் செய்யாது. கோடியல், ஜெலி, ஐஸ் பழம் போன்ற கொழுப்பில்லாதவற்றுக்கு இந்தப் பகுதியே வேண்டாம். சூடு நீரில் கரைத்தால் போதும்.

சேர்த்த சாற்றை நீர்த்தொட்டியில் வைத்து எதனோலையும் அமோனியாவையும் ஓட்டுங்கள். 30 மில்லிலீற்றர் நீரில் எடுத்து, 20 சதவீதச் சிற்றிக் அமிலத்தால் பி.எச். 6க்குக் கொண்டுவந்து, 60 பாகைக்குச் சூடாக்குங்கள். பொலியமைட்டுத் தூள் ஒரு கிராமைச் சிறிது நீரில் குழைத்து ஊற்றிக் கலக்குங்கள். அமிலச் சாயங்கள் தூளில் ஒட்டிக்கொள்ளும். மேல் திரவம் நிறமிழக்கும். இழக்காவிட்டால் ஒன்றில் பி.எச். தவறு, அல்லது தூள் போதவில்லை, அல்லது அது அமிலச் சாயமே இல்லை. மூன்றாவது காரணம் கவனிக்கத்தக்கது: தடைசெய்யப்பட்ட ஓரமின் போன்ற மூலச் சாயங்கள் (அமிலச் சாயத்துக்கு எதிர்வகை) இப்படித்தான் நழுவிவிடும்.

சூட்டோடு கண்ணாடி வடிபுனலில் வடித்து, பி.எச். 4க்கு அமிலமாக்கிய 60 பாகை நீரால் மூன்று முதல் ஐந்து முறை கழுவுங்கள், சீனி போய்விடும். பிறகு மெதனோல் 6, போமிக் அமிலம் 4 என்ற கலவையால், கழுவும் திரவம் நிறமற்று வரும் வரை. குர்க்குமின் போவது இந்தக் கழுவலில்தான். மஞ்சள் தூள் மட்டும் போட்ட வீட்டு லட்டை இந்தப் பாதை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். தூள் வெள்ளையாக மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கழுவல் போதவில்லை. இதை ஒருமுறையாவது செய்யாமல் கடை மாதிரியைத் தொடாதீர்கள்.

பிறகு வெறும் நீரால் நடுநிலைக்குக் கழுவி, முன்சொன்ன எதனோல் அமோனியாக் கலவையை ஐந்து ஐந்து மில்லிலீற்றராக விட்டுச் சாயத்தை இறக்குங்கள். இறங்கியதை அசற்றிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, ஏறக்குறைய வற்றும் வரை நீர்த்தொட்டியில் ஆவியாக்கி, நீரில் கரைத்து 25.0 மில்லிலீற்றராக்குங்கள். அமோனியா மணம் துளியும் இருக்கக் கூடாது. காரம் மிஞ்சினால் தாங்கற் கரைசல் தாங்காது, புள்ளிகளின் ஒளி தானாகவே குறையும், நீங்கள் அதைச் சாயம் என்று எண்ணுவீர்கள்.

அளவீடு, கணக்கு, குறுக்கு விசாரணை

தாங்கற் கரைசல் 2.00, புள்ளி 0.10, சாறு 0.50 மில்லிலீற்றர், மீதி நீர், மொத்தம் 3.00. இதோடு, புள்ளி இல்லாமல் சாறு மட்டும் உள்ள ஒரு குவெட்டும் தயாரியுங்கள். அது இரண்டு வேலைக்கு: அதன் ஒளிர்வை மாதிரியிலிருந்து கழிக்க வேண்டும், அதன் உறிஞ்சலை 350 முதல் 650 வரை வருடவும் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வெற்றின் ஒளிர்வு 820, மாதிரியினுடையது கழித்த பின் 695. வகுத்தால் 1.18, மடக்கை 0.072. சரிவு 0.030 என்றால் குவெட்டில் 2.4 மில்லிகிராம். சாற்றில் அதன் ஆறு மடங்கு, 14.4. அது 25 மில்லிலீற்றரில் 0.36 மில்லிகிராம். 5 கிராம் லட்டிலிருந்து வந்ததால் கிலோவுக்கு 72. மீட்பு, அதாவது சேர்த்த சாயத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 90 சதவீதம் என்று முன்பே கண்டிருந்தால் 80.

மீட்பைக் காண, சாயமில்லாத வீட்டு லட்டு 5 கிராமில் 1,000 மில்லிகிராம் நியமத்தை 0.25 மில்லிலீற்றர் விட்டால் கிலோவுக்கு 50 மில்லிகிராம் சேர்த்ததாகும். உடனே பிரித்தெடுக்காமல் ஓரிரவு விடுங்கள். விட்ட கையோடு எடுத்தால் சாயம் புரதத்தில் ஒட்டியிருக்காது, மீட்பு பொய்யாக அழகாக வரும். 80க்கும் 110க்கும் இடையில் இருந்தால் தொடரலாம்.

இனி குறுக்கு விசாரணை. புள்ளி இல்லாத குவெட்டின் உறிஞ்சலை 360இலும் 443இலும் எடுத்துக் கூட்டி இரண்டால் வகுங்கள். உள்வடி விளைவு மட்டுமே நடந்திருந்தால் அந்த எண் மங்கல் எண்ணுக்குக் கிட்ட இருக்க வேண்டும். மேலுள்ள எடுத்துக்காட்டில் 360இல் 0.045, 443இல் 0.11 என்றால் பாதி 0.078; மங்கல் எண் 0.072. பொருந்துகிறது. மங்கல் எண் 0.15 என்று வந்து, உறிஞ்சல் கணக்கு 0.078இலேயே நின்றால், சாயம் செய்யாத மங்கல் ஒன்று உள்ளே இருக்கிறது. முதலில் இரும்பைச் சந்தேகியுங்கள்: இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும் ஈடிடிஏ சிறிது சேர்த்து, வெற்றுக்கும் அதே அளவு சேர்த்து மீண்டும் படியுங்கள். ஒளி திரும்பினால் இரும்புதான். திரும்பாவிட்டால் குளோரீன், அல்லது பி.எச். இந்த ஒரு சரிபார்ப்பு இரண்டு நிமிட வேலை. பொய் விடைகளில் பெரும்பகுதி இங்கேயே பிடிபடும்.

அடுத்தது வருடலின் வடிவம். முகடு 427இல் தனியாக நின்றால் டார்ட்ரசீன் என்று வைத்துக்கொள்ளலாம். 482இல் முகடோ தோளோ இருந்தால் சன்செட் யெல்லோவும் (ஈ 110) கலந்திருக்கிறது. கேசரி, மஸ்கட், ஆரஞ்சு நிற ஜிலேபியில் இது சாதாரணம். அதுவும் 443இல் உறிஞ்சும் என்பதால் உங்கள் மில்லிகிராம் எண் அப்போது டார்ட்ரசீனின் எண் அல்ல, இரண்டும் சேர்ந்த நிழல். அப்படிப்பட்ட மாதிரியை மென்படை நிறப்பகுப்பில் பிரிக்காமல் எண் சொல்லாதீர்கள். மெட்டனில் மஞ்சள் இன்னும் கள்ளத்தனமானது: அமிலச் சாயம், பொலியமைட்டில் ஒட்டும், முகடும் டார்ட்ரசீனுக்குப் பக்கம். ஆனால் சாற்றில் ஒரு துளிக்குச் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் விட்டால் அது கத்தரிப்பூச் சிவப்பாகும், டார்ட்ரசீன் மஞ்சளாகவே நிற்கும். எல்லா மாதிரிக்கும் இந்தத் துளிச் சோதனையைச் செய்யுங்கள்.

உறிஞ்சலை அளக்கக் கருவி இருக்கும்போது புள்ளி எதற்கு என்று கேட்பது நியாயம். சாறு தெளிவாக இருந்து, சாயம் ஒன்றே ஒன்று என்றால் உறிஞ்சலே போதும். இரண்டு வெவ்வேறு அளவீடு ஒரே விடையைச் சொல்வது ஒரு பயன். மற்றது, நாற்பது மாதிரியை ஒரே தட்டில் வைத்து ஒரே வெளிச்சத்தில் பார்த்து, உயர் வினைத்திறன் திரவ நிறப்பகுப்புக்கு அனுப்ப வேண்டிய ஐந்தைத் தெரிவுசெய்வது. புள்ளிகளின் இடம் அந்தச் சலித்தெடுப்பில்தான்; இறுதித் தீர்ப்பில் அல்ல.

கொழும்பில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை

குழாய் நீரில் குளோரீன் இருக்கிறது. அது காபன் புள்ளிகளின் ஒளியைக் கெடுக்கும். கழுவுவதற்குக் குழாய் நீர் பரவாயில்லை, கடைசி இரண்டு அலசல் அயன் நீக்கிய நீரில். பெற்றோல் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீரால் அலசலாம், அதில் நியமம் தயாரிக்க வேண்டாம்.

சலவைத் தூளால் கண்ணாடிப் பாத்திரம் கழுவாதீர்கள். அதிலுள்ள வெண்மையூட்டி யூவியில் நீலமாக, புள்ளிகளைப் போலவே ஒளிரும். ரிசுத் தாள், சில வடிதாள், வெள்ளை ஆய்வுகூட மேலங்கியின் நூல் எல்லாம் அதே கூட்டம். கம்பளி கொண்டு சாயம் பிரிக்கும் பழைய முறையைப் பின்பற்றுவோர், வெளுத்த கம்பளி நூலை யூவியில் பார்த்த பிறகே பாவியுங்கள்.

ஒளிர்வு வெப்பம் கூடக் குறையும். குளிரூட்டிய அறையில் காலையில் எடுத்த நியமக் கோட்டை வைத்து, மின்சாரம் போய்வந்த மத்தியானம் 31 பாகையில் எடுத்த மாதிரியை வாசித்தால் இல்லாத சாயம் இலவசமாகக் கிடைக்கும். வெற்றை ஒவ்வொரு ஐந்து மாதிரிக்கும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். 4 பாகையில் இருந்து எடுத்த புள்ளிக் கரைசலை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குவெட்டின் வெளிச்சுவரில் ஈரம் பூத்தால் துடையுங்கள், அந்த மூடுபனியே ஒளியைச் சிதறும்.

பால் சேர்ந்த இனிப்பில் றைபோபிளேவின் இருக்கும். அது 445ஐச் சுற்றி உறிஞ்சி 525ஐச் சுற்றிப் பச்சையாக ஒளிரும். பொலியமைட்டுக் கழுவல் சரியாக நடந்திருந்தால் காணாமல் போகும். காலல் நிறமாலையில் 525இல் திமில் எழுந்தால் கழுவலுக்குத் திரும்பிப் போங்கள்.

கருவி இல்லாமல், டோர்ச்சோடு

வடியுள்ள 365 நனோமீற்றர் யூவி டோர்ச், உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய சப்பாத்துப் பெட்டி, ஒரே அளவான சிறு கண்ணாடிக் குப்பிகள். ஊதா நிற வெளிச்சம் பளிச்சென்று தெரியும் மலிவு டோர்ச்சுகள் 395 நனோமீற்றருக்குரியவை, வேண்டாம். குப்பிகளில், புள்ளி கலந்த, லீற்றருக்கு 0, 2, 5, 10, 20 மில்லிகிராம் நியமங்களை வரிசையாக வைத்து, மாதிரியைப் பக்கத்தில் வைத்து எந்த இரண்டுக்கு நடுவில் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒளிப்பாதை குவெட்டைவிட நீளம் என்பதால் மங்கலும் கூடும். குவெட்டின் நியமக் கோட்டை இங்கே பாவிக்க முடியாது. டோர்ச்சை மேலிருந்து, எல்லாக் குப்பிக்கும் ஒரே தூரத்தில் பிடியுங்கள். கண்ணுக்கு யூவி காப்புக் கண்ணாடி கட்டாயம்.

தொலைபேசிக் கமெராவில் எடுத்தால் ஒளிப்பேறு, வெண்சமநிலை இரண்டையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் மங்கிய குப்பியைக் கமெரா தானே வெளிச்சமாக்கிக் காட்டி உங்கள் சோதனையையே அழித்துவிடும். எல்லாக் குப்பியும் ஒரே படத்தில் விழ வேண்டும். படத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்களில் நீலத்தின் பெறுமானத்தை மட்டும் வாசியுங்கள். அது 255ஐத் தொட்டிருந்தால் நிரம்பி வழிந்திருக்கிறது, ஒளிப்பேறைக் குறைத்து மீண்டும் எடுங்கள். சாற்றைச் சுத்தம் செய்யும் வேலை இங்கேயும் குறையாது. சந்தையில் நின்று லட்டைக் கரைத்து டோர்ச் அடித்துப் பார்க்கும் முறை இது அல்ல.

எண் வந்த பிறகு

டார்ட்ரசீன் அனுமதிக்கப்பட்ட சாயம், இருப்பதே குற்றமல்ல. உணவுச் சேர்மானங்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு 2016இல் ஏற்றுக்கொண்ட நாளாந்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை. மேலுள்ள 80 மில்லிகிராம் லட்டில் 100 கிராம் தின்னும் குழந்தைக்குள் போவது 8 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குரிய எல்லை 150. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கக்கூடும் என்ற வாசகத்தை இந்தச் சாயமுள்ள பொதியில் அச்சிட வேண்டும். ஆகவே லேபிளில் சொல்லாமல் போடுவதும், இலங்கைச் சட்டத்திலுள்ள அளவை மீறுவதும்தான் கேள்வி. அளவை வர்த்தமானி அறிவித்தலில் நேரடியாகப் பாருங்கள். வாய்வழி எண்களை எழுதாதீர்கள்.

உங்கள் ஆய்வுகூட எண்ணுக்குச் சட்ட வலு இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரியை எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போன்ற அலுவலர்களுக்கே உண்டு. எண் உயர்ந்து வந்தால், கடையின் பெயரை முகநூலில் போடுவதற்கு முன், அரைக்காமல் மிச்சம் வைத்த பகுதியையும், பொதியையும், வாங்கிய திகதி உள்ள பற்றுச்சீட்டையும் உறையிட்டுக் குளிரில் வைத்துவிட்டு அந்தப் பகுதிப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அவர் புதிதாக மாதிரி எடுப்பார். உங்களுடையதை அவர் பாவிக்க முடியாது, ஆனால் எந்தத் தட்டில் எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஈதர், மெதனோல், போமிக் அமிலக் கழுவல்களைத் தொட்டியில் ஊற்றாமல் தனித்தனிப் புட்டிகளில் சேருங்கள். போமிக் அமிலப் புட்டியின் மூடியை முழுதாக இறுக்க வேண்டாம்; நின்ற நின்றே வாயு விடும்.